ஒலிபெருக்கியில் என்ன சொல்வது?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

கிராமத்து மனிதரின் வளர்ச்சிக்குப் பெரிதும் துணை நிற்பது சூரிய மின்சாரமா, டிஜிட்டல் தகவல் தொடர்பா? தகவல்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் ராஜஸ்தானின் திலோனியாவைக் காட்டினார். எழுத்தறியாத பாட்டிகள் அங்கே சூரிய விளக்கு செய்கிறார்களே என்றார். அந்தப் பாட்டிகள் மேல் எனக்கும் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அவர்களை உயர்த்தியது சூரியத் தகடா? நிறங்களையும் சைகைகளையும் வைத்து ஆறு மாதம் கற்றுக்கொண்டார்களே, அந்த அறிவல்லவா?

பீகாரின் தர்னாய் கிராமத்துக்கு 2014இல் 100 கிலோவாட் சூரிய மின்நிலையம் வந்தது. ஊரே கொண்டாடியது. சில ஆண்டுகளில் பேட்டரிகள் செத்தன, அரசு மின்சாரம் மலிவாக வந்தது, அப்புறம் அந்த இடத்தில் மாடு கட்டினார்கள். தகடு போனால் கம்பி வரும். தகவலுக்கு மாற்று எது?

புதுச்சேரிக்கு வாருங்கள். 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. மின்வெட்டுக்குப் பயந்து சூரியத் தகடும் வைத்தார்கள். சரி, கணினி ஓடச் சூரியன் உதவியது, மறுக்கவில்லை. ஆனால் வீராம்பட்டினத்து மீனவருக்கு அந்த மையம் கொடுத்தது என்ன? அலை எவ்வளவு உயரம் எழும் என்ற செய்தி! அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் இருந்ததை வில்லியனூர் மையத்தில் எடுத்துத் தமிழாக்கி அனுப்ப, கரையில் ஒலிபெருக்கி அதைச் சொன்னது. கேட்டுவிட்டு, கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்று அவரே முடிவெடுத்தார். நான் வளர்ச்சி என்று சொல்வது இந்த முடிவெடுக்கும் வலிமையைத்தான்.

அதே புதுச்சேரியின் நல்லவாடு. 2004 டிசம்பர் 26. சிங்கப்பூரில் வேலை பார்த்த ஊர்க்காரர் ஒருவர் சுனாமிச் செய்தி அறிந்து வீட்டுக்குப் போன் செய்கிறார். ஊர்க்காரர்கள் தகவல் மையத்தை உடைத்துத் திறந்து, ஒலிபெருக்கியில் ஊரை எச்சரிக்கிறார்கள். சனம் ஓடுகிறது. வீடுகள் போயின, படகுகள் போயின. ஏறத்தாழ 3,600 பேர் உயிர் தப்பினார்கள்.

அந்த ஒலிபெருக்கிக்கு மின்சாரம் வேண்டாமா என்று எதிரணி நண்பர்கள் கேட்பார்கள். வேண்டும். தகட்டில் வந்தாலும், கம்பியில் வந்தாலும், ஜெனரேட்டரில் வந்தாலும் அது முழங்கியிருக்கும். சிங்கப்பூரிலிருந்து அந்த அழைப்பு மட்டும் வராமல் இருந்திருந்தால், அன்றைக்கு அதில் என்ன சொல்லியிருப்பார்கள்? அடுத்துப் பேச வருபவர் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும், நடுவர் அவர்களே.