அடி வாங்குபவர் ஏன் குடிக்கிறார்?

(திரை: இரவு. சமையலறை விளக்கு மட்டும் எரிகிறது.)

கணவனிடம் அடி வாங்கும் ஒரு பெண் குடிக்கிறார் என்று தெரிந்தால், ஊர் உடனே தீர்ப்புச் சொல்லிவிடும்: "குடிக்கிறாள், அதனால்தான் அடிக்கிறான்." பல வீடுகளில் அடிதான் முதலில் வந்திருக்கும்.

தொடர்ந்து அடியும் மிரட்டலுமாக வாழ்ந்தவருக்குத் தூக்கம் வராது. வாசலில் பைக் நிற்கும் சத்தத்துக்கே நெஞ்சு படபடக்கும். நடந்தது திரும்பத் திரும்பக் கண்முன் ஓடும். சில நாள் எதுவுமே உறைக்காது, மனசு மரத்துக் கிடக்கும். இதற்கு பிடிஎஸ்டி, அதாவது பெரும் அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநலப் பாதிப்பு என்று பெயர். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் இது 1980-ல்தான் இடம்பிடித்தது. அன்று பேச்சு பெரும்பாலும் வியட்நாம் போரிலிருந்து திரும்பிய ராணுவ வீரர்களைப் பற்றியே. வீட்டுக்குள் நடக்கும் போர் பலர் கண்ணில் படவில்லை.

(திரை: கண்ணாடி டம்ளர், பக்கத்தில் மாத்திரை அட்டை.)

சரி, மது என்ன செய்கிறது? மூளையின் பதற்றத்தைக் கொஞ்ச நேரம் அடக்குகிறது. தூக்க மாத்திரையும் அப்படித்தான். போதை இறங்கியதும் பதற்றம் திரும்பி வரும், சில சமயம் முன்பைவிட அதிகமாக. அப்புறம் அடுத்த டம்ளர். வலிக்குத் தானே மருந்து போட்டுக்கொள்ளும் இந்தப் போக்கைப் பற்றி எட்வர்ட் கான்ட்சியன் என்ற மனநல மருத்துவர் 1985-லேயே எழுதிவிட்டார்.

பலரும் பேசாத பக்கம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் தேசிய குடும்ப வன்முறை உதவி எண்ணை அழைத்தவர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பு 2014-ல் வெளியானது. துணைவரின் கொடுமை தரும் வலியைக் குறைக்க மதுவோ போதைப்பொருளோ எடுத்ததாகச் சொன்னவர்கள் 26 சதவீதம். எடுக்கச் சொல்லித் துணைவரே வற்புறுத்தினார் என்றவர்கள் 27 சதவீதம்! ஊற்றிக் கொடுப்பதும் அவர்தான். "போலீசுக்குப் போ, நீ குடிகாரி என்று சொல்கிறேன், குழந்தை உன்னிடம் இருக்காது" என்று மிரட்டுவதும் அவர்தான். சிகிச்சைக்குப் போனால் தடுப்பார். போதை அவருக்கு வசதியான கயிறு.

(திரை: ஆலோசனை அறை.)

அதனால் "முதலில் குடியை விட்டுவிட்டு வா, மற்றதை அப்புறம் பார்ப்போம்" என்பது என் பார்வையில் மோசமான ஆலோசனை. பாதுகாப்பு, மனக்காயம், போதை மூன்றையும் சேர்த்தே கவனிக்க வேண்டும். கணவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணிடம் கேள்வி கேட்கவே கூடாது.

இன்னொன்று: நாள்பட்ட குடியையோ தூக்க மாத்திரையையோ ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம். மருத்துவர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். இந்தியாவில் பெண்களுக்கான உதவி எண் 181.