சேப்பாக்கம் ஏன் எழுந்து நின்றது?

நடுவர் ஐயாவுக்கும், இரு அணி நண்பர்களுக்கும், திருவல்லிக்கேணிப் பெருமக்களுக்கும் வணக்கம். நேரம் குறைவு, நேராக வழக்குக்கு வருகிறேன்.

விளையாட்டில் நாட்டுப்பற்றை வளர்ப்பது வெற்றியா, தோல்வியா என்பது தலைப்பு. தோல்வியே என்பது எங்கள் அணி. எதிரணித் தலைவர் 1983-இல் லார்ட்ஸ் மைதானத்தில் கபில்தேவ் வாங்கிய கோப்பையைச் சொன்னார். 1948-இல் லண்டனுக்கே போய் பிரிட்டனை 4-0 என்று வீழ்த்திய ஹாக்கி அணியைச் சொன்னார். அவை எனக்கும் உயிர். அவற்றை மறுக்க நான் வரவில்லை.

ஆனால் போகிற போக்கில் ஒரு வார்த்தையை வீசிவிட்டு உட்கார்ந்தார். "பாகிஸ்தானிடம் தோற்றுவிட்டு, அந்தப் பாகிஸ்தானுக்கே எழுந்து நின்று கைதட்டிய ரோஷம் கெட்ட ஊர் இது" என்றார். நீங்களும் சிரித்தீர்கள். ஐயா, எந்த மண்ணில் நின்றுகொண்டு இதைச் சொல்கிறீர்கள்? இந்த வாசலைத் தாண்டி நடந்தால் சேப்பாக்கம் மைதானம். 1999 ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. அன்று அந்த மைதானத்தில் நான் இருந்தேன். என்ன நடந்தது என்று சொல்கிறேன், ரோஷம் யாருக்கு இருந்தது என்று நடுவர் முடிவு செய்யட்டும்.

அன்றைய நிலையை நினைத்துப் பாருங்கள். முந்தைய ஆண்டு மே மாதம்தான் இரண்டு நாடுகளும் அணுகுண்டு சோதனை நடத்தியிருந்தன. பாகிஸ்தான் ஆடக்கூடாது என்று டெல்லியில் ஆடுகளத்தையே தோண்டிப் போட்டிருந்தார்கள். அந்தச் சூட்டில் முதல் டெஸ்ட் சென்னைக்கு வந்தது. நமக்கு இலக்கு 271. 82 ரன்னுக்கு ஐந்து விக்கெட் போய்விட்டது. எனக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர். காலையில் வந்து உட்கார்ந்ததிலிருந்து பாகிஸ்தான் சுழற்பந்து வீச்சாளர் சக்லைன் முஷ்டாக் பந்தை எடுக்கும்போதெல்லாம் அவருடைய ஏழு தலைமுறையையும் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தார். அவர் மடியில் டிபன் டப்பா. மதியம் கடந்தும் மூடி திறக்கவில்லை. திறந்தால் விக்கெட் விழுந்துவிடும் என்று பயம்!

ஒரு முனையில் சச்சின். முதுகு வலியில் அவர் குனிந்து நிமிர்வது எங்கள் வரிசையிலிருந்தே தெரிந்தது. மறுமுனையில் நயன் மோங்கியா. இரண்டு பேரும் சேர்ந்து 136 ரன் எடுத்தார்கள். மோங்கியா போனார். சச்சின் நின்றார். ஏறத்தாழ ஏழு மணி நேரம் நின்றார். இன்னும் 17 ரன். கையில் நான்கு விக்கெட். பெரியவர் டப்பாவின் மூடியில் கை வைத்தார். வெற்றி வந்துவிட்டதாம், சாப்பிடலாமாம்!

சச்சின் தூக்கி அடித்தார். பந்து மேலே போனது.

நடுவர் ஐயா, இந்த இடத்தை மட்டும் இன்னொரு முறை சொல்ல அனுமதியுங்கள். பந்து மேலே போனது. மைதானம் முழுக்கத் தலை நிமிர்ந்தது. கீழே பாகிஸ்தான் கேப்டன் வாசிம் அக்ரம் நின்றார். பிடித்துவிட்டார். பெரியவரின் கை மூடியிலேயே நின்றுவிட்டது. மிச்சமிருந்த மூன்று விக்கெட்டும் நான்கே ரன்னில் விழுந்தன. கடைசியாக ஸ்ரீநாத் போல்டு. 258. பன்னிரண்டு ரன்னில் தோல்வி.

பாட்டில் பறக்கும் என்று நினைத்தேன். ஏனென்றால் 1996 உலகக் கோப்பை அரையிறுதியில் கொல்கத்தாவில் பறந்தது. ஆட்டத்தை நிறுத்தி இலங்கை வென்றதாக அறிவித்தார்கள். வினோத் காம்ப்ளி அழுதுகொண்டே வெளியேறியதை நாடே பார்த்தது. சேப்பாக்கத்தில் என்ன நடந்தது? முதலில் ஒரு கனத்த மௌனம். பிறகு எங்கோ ஒருவர் தட்டினார். பத்துப் பேர் தட்டினார்கள். வரிசை வரிசையாக எழுந்தார்கள். பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுற்றி ஓடி வந்தது, ஓடி வந்த பக்கமெல்லாம் கைதட்டல். என் பக்கத்துப் பெரியவரும் எழுந்துவிட்டார். டப்பா உருண்டு ஓடியது, அவர் கவனிக்கவில்லை. காலையிலிருந்து திட்டிய அதே சக்லைனுக்குக் கைதட்டுகிறார். கண்ணிலிருந்து நீர் கொட்டுகிறது. "ஐயா, தோற்றது நாம்" என்றேன். "தெரியும் தம்பி. நம் ஊருக்கு வந்து நன்றாக ஆடினார்கள். அதைச் சொல்லாமல் அனுப்பினால் நமக்கு அழகா?" என்றார்.

ரோஷம் இல்லாதவருக்கு ஏனய்யா கண்ணீர் வருகிறது? அவர் தன் நாட்டுக்காக அழுதார், தன் நாட்டின் பண்புக்காகக் கைதட்டினார். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய எவ்வளவு பெரிய மனம் வேண்டும்!

இன்னும் கேளுங்கள். அதே 1999-ஆம் ஆண்டு, மே 29. கார்கில் போரில் பட்டாலிக் முனையில் உயிர் கொடுத்தார் திருச்சியைச் சேர்ந்த மேஜர் சரவணன். ஜனவரியில் கைதட்டிய தமிழ்நாடுதான் மே மாதத்தில் பிள்ளையைக் கொடுத்தது. இந்த மண்ணுக்கா ரோஷம் கெட்டது என்று பெயர்?

வெற்றி வளர்க்கிற பற்று எப்படிப்பட்டது என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2007 உலகக் கோப்பையில் வங்கதேசத்திடம் தோற்றவுடன் ராஞ்சியில் கட்டிக்கொண்டிருந்த தோனியின் வீட்டைத் தாக்கினார்கள். 2011-இல் அதே தோனிதான் சிக்சர் அடித்துக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். அன்று ஊர் முழுக்கக் கொடி. வென்றால் கொடி, தோற்றால் கல் என்றால் அதற்குப் பற்று என்று பெயர் வைக்க என்னால் முடியாது.

கொடியைப் பற்றிப் பேசினால் 1932 ஜனவரியில் திருப்பூர் வீதிக்குப் போக வேண்டும். தடியடியில் மண்டை உடைந்து விழுந்தவர் குமரன். அன்று அந்த ஊர்வலம் வெற்றி பெறவில்லை. அடித்துக் கலைத்துவிட்டார்கள். விழுந்தவர் கையில் கொடி இருந்தது, அவ்வளவுதான். இன்றுவரை கொடி காத்த குமரன் என்கிறோம்.

கடைசியாக நம் வீட்டுப் பெண் ஒருத்தியைப் பற்றிப் பேசிவிட்டு அமர்கிறேன். புதுக்கோட்டை மாவட்டத்துச் செங்கல் சூளைத் தொழிலாளியின் மகள் சாந்தி சௌந்தரராஜன். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். நாம் குதித்தோம். சில நாளில் பாலினச் சோதனை என்றார்கள், பதக்கத்தைப் பறித்தார்கள். அந்தப் பெண் ஊக்க மருந்து சாப்பிடவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை. பிறந்த உடம்போடு ஓடினார். வென்ற நாளில் இந்தியாவின் மகள் என்றோம். பறித்த நாளில் எங்கே போனோம்? பின்னாளில் அவரே செங்கல் சூளையில் கூலி வேலைக்குப் போனார். மண் சுமந்த அந்தக் கைகள் நம் நாட்டுக்காக வீசி ஓடிய கைகள் ஐயா! பிறகு அவர் பயிற்சியாளராக எழுந்து வந்தார், பிள்ளைகளை ஓட வைத்தார். அதற்கு எந்தத் தெருவில் பட்டாசு வெடித்தது?

எதிரணி நண்பர்களே, உங்களையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். இது எந்த அணியின் வழக்கும் இல்லை. தோஹாவில் பதக்கம் போன அன்று அந்தப் பெண்ணுக்காக நாம் எழுந்து நிற்கவில்லை. இப்போது நில்லுங்கள். முதல் வரிசையில் இருக்கும் தாய்மார்களே, பின்னால் நாற்காலி கிடைக்காமல் ஏற்கெனவே நிற்கும் தம்பிகளே, சாந்திக்காக ஒரு முறை உரக்கக் கைதட்டுங்கள். நடுவர் ஐயா, நீங்களும் எழுந்திருங்கள். தீர்ப்பு எதுவானாலும் ஏற்றுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.