நானோ சிலிக்கா நம்ம ஊர் கான்கிரீட்டுக்கு ஒத்துவருமா?

[காட்சி: மதுரை ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கட்டட வேலை. மிக்ஸர் சுற்றுகிறது.]

குரல்: மூட்டைக்கு இவ்வளவு ஊற்றினால் போதும், கான்கிரீட் பலம் கூடிவிடும் என்று நானோ சிலிக்காவை, அதாவது மிக நுண்ணிய சிலிக்காத் துகள் கலந்த திரவத்தை, விற்கிறார்கள். பொருள் நல்ல பொருள்தான். ஆனால் உங்கள் சிமெண்டோடும் எம்-சாண்டோடும் அது எப்படிச் சேரும் என்பதை க்யூப், அதாவது கனசதுரக் கான்கிரீட் கட்டி, போட்டு உடைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

சிமெண்டில் தண்ணீர் பட்டதும் பிணைக்கும் பசை உண்டாகிறது. கூடவே சுண்ணாம்பும் மிஞ்சுகிறது. அந்தச் சுண்ணாம்பால் பலம் இல்லை. சிலிக்கா அதைப் பிடித்து மேலும் பசையாக்குகிறது. துகள் 100 நானோமீட்டருக்கும் கீழே என்பதால் வேலை சீக்கிரம் நடக்கும், நுண்துளைகளும் அடைபடும். அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்டில் அந்தச் சாம்பலும் இதே சுண்ணாம்பைத்தான் தேடுகிறது. அதனால் சாம்பல் கலக்காத ஓ.பி.சி. சிமெண்டில் எடுத்த முடிவைக் காட்டினால் அப்படியே நம்ப வேண்டாம்.

[காட்சி: கேனிலிருந்து வெள்ளைத் திரவம் அளவுக் குடுவையில் விழுகிறது.]

சரி, பலரும் கோட்டை விடுவது இங்கேதான். திரவத்தில் 30 சதவீதம்தான் சிலிக்கா என்று வைத்துக்கொள்வோம். 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு எடையில் 2 சதவீதம் என்றால் 1 கிலோ சிலிக்கா வேண்டும். அதற்கு 3.3 கிலோ திரவம் ஊற்ற வேண்டும், அதில் 2.3 லிட்டர் வெறும் தண்ணீர்! 0.45 தண்ணீர்-சிமெண்ட் விகிதத்துக்கு 22.5 லிட்டர் ஊற்றும் மேஸ்திரி இதைக் கழிக்காவிட்டால் விகிதம் 0.5 ஆகிவிடும். அப்புறம் சிலிக்காவைக் குறை சொல்லிப் பயனில்லை.

[காட்சி: ஸ்லம்ப் கூம்பைத் தூக்குகிறார்கள். கலவை அசையாமல் நிற்கிறது.]

இவ்வளவு நுண்ணிய துகள் தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும், கலவை இறுகும். மே மாத மதுரை வெயிலில் இன்னும் மோசம். கூம்பைத் தூக்கியதும் கலவை எவ்வளவு சரிகிறது என்பதுதான் ஸ்லம்ப். கலவையைக் கலக்கிய உடனே அதை ஒரு தடவை, அரை மணி கழித்து ஒரு தடவை பாருங்கள். இறுகினால், தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்கும் சூப்பர் பிளாஸ்டிசைசரைக் கூட்டுங்கள். தண்ணீரைத் தொடவே கூடாது.

ஒப்பிட, சிலிக்கா போடாத கலவையும் அதே ஸ்லம்பில், அதே நாளில் வேண்டும். 1, 2, 3 சதவீதம் என்று தனித்தனிக் கலவை. ஒவ்வொன்றிலும் 7 நாளுக்கு மூன்று, 28 நாளுக்கு மூன்று என 150 மில்லிமீட்டர் க்யூப்கள்.

[காட்சி: அழுத்தும் இயந்திரம். முள் ஏறுகிறது, க்யூப் ஓரம் உதிர்கிறது.]

க்யூபை வார்த்த மேல்பக்கம் பக்கவாட்டில் வரும்படி வையுங்கள். 720 கிலோநியூட்டனில் உடைந்தால் அதை க்யூப் முகத்தின் பரப்பான 22,500 சதுர மில்லிமீட்டரால் வகுங்கள்: சதுர மில்லிமீட்டருக்கு 32 நியூட்டன். 28 நாளில் 25 நியூட்டன் பலம் தர வேண்டிய எம்25 கலவைக்குக் குறிவைக்க வேண்டிய சராசரி 31.6. சிலிக்கா இல்லாத க்யூபும் இதைத் தொட்டுவிட்டால், சாதாரண வீட்டுத் தளத்துக்கு இந்தச் செலவு வேண்டாம் என்பேன்.

உப்புத் தண்ணீர் நிற்கும் மண்ணில் அஸ்திவாரம் என்றால் கதை வேறு. அங்கே பலத்தைவிட, உப்பு உள்ளே ஏறாமல் இருப்பதுதான் முக்கியம். 50 மில்லிமீட்டர் தடிமனான கான்கிரீட் வில்லையில் 60 வோல்ட் மின்சாரத்தை 6 மணி நேரம் செலுத்தும் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். கடக்கும் மின்னூட்டம் 1000 கூலோமுக்குக் கீழே வந்தால் ஊடுருவல் மிகக் குறைவு. இதிலும் இரண்டு கலவையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் தெளிவாக இருந்தால் தாராளமாக வாங்கலாம்.