ரூம் யார் பேர்ல இருக்கு?

வணக்கம். நங்கநல்லூர்லேர்ந்து வரேன், பேங்க்ல 31 வருஷம் குப்பை கொட்டிட்டு ரிடையர் ஆனவ. டைம்ஷேர் பத்தி, அதுல நடக்கற ஏமாத்து வேலை பத்தி பேசணும்னு கூப்பிட்டாங்க. டைம்ஷேர்னா, மொத்தமா ஒரு தொகை கட்டிட்டு வருஷத்துக்கு 7 நாள் மாதிரி ரிசார்ட்ல தங்கற உரிமை, பல வருஷத்துக்கு; அப்படி கட்டினவர்தான் மெம்பர். எங்க வீட்லயும் ஒண்ணு இருக்குங்க, அதனால வாங்கினவங்க பாடும் தெரியும், வாடகைக்கு எடுக்கறவங்க பாடும் தெரியும்.

போன மே மாசம் என் அண்ணன் பொண்ணு போன் பண்ணா. "அத்தை, கொடைக்கானல்ல ரெண்டு பெட்ரூம், மூணு நைட்டு, 12,000தான், பேஸ்புக்ல ஒருத்தர் போட்டிருந்தார், மெம்பராம், அவரால போக முடியலயாம்"னா. அட்வான்ஸ் 6,000 ஏற்கனவே ஜிபேல போட்டுட்டா, அப்புறம்தான் அத்தை ஞாபகம் வந்திருக்கு! மே மாசத்துல அந்த ரேட்டுக்கு மூணு நைட்டான்னு எனக்கு அப்பவே உறுத்திச்சு. வவுச்சர அனுப்பு பாக்கலாம்னேன். பிடிஎஃப் வந்துது, லோகோ, புக்கிங் நம்பர், இவ பேர், எல்லாம் பளிச்சுனு இருக்கு, கூடவே அந்த ஆளோட ஆதார் போட்டோ வேற. ஆதார் போட்டோல்லாம் ஒரு அத்தாட்சியே இல்லங்க, இதுக்கு முன்னாடி ஏமாந்த யாரோ நம்பி அனுப்பினதா கூட இருக்கும்.

ரிசார்ட்டுக்கு போன் போட்டேன். வவுச்சர்ல இருக்கற நம்பருக்கு இல்ல, அதுக்கு போட்டா அவன் ஆளே எடுத்து "கன்ஃபர்ம் மேடம்"ம்பான். கூகுள்ல தேடினா மொதல்ல வந்து நிக்கற நம்பரும் வேண்டாம், அதுலயும் போலி நுழைஞ்சுடுது. ரிசார்ட்டோட சொந்த வெப்சைட்ட திறந்து அங்க போட்டிருக்கற நம்பருக்கு போட்டேன். ரிசெப்ஷன்ல இருந்த பையன் பாத்துட்டு சொல்றான், "இந்த நம்பர்ல புக்கிங் இருந்துது மேடம், நேத்து கேன்சல் பண்ணிட்டாங்க."

வவுச்சர் நிஜம்ங்க, அதான் வேடிக்கை. புக் பண்ண வேண்டியது, வவுச்சர காட்டி காச வாங்க வேண்டியது, கேன்சல் பண்ண வேண்டியது. நேரத்தோட கேன்சல் பண்ணா அந்த நாள் பெரும்பாலும் மெம்பர் கணக்குக்கே திரும்பிடும், அதே பிடிஎஃப்ல பேர மட்டும் மாத்தி இன்னும் எத்தன குடும்பத்துக்கு அனுப்பினாரோ தெரியாது. அதனால ஒரு தடவ கேட்டுட்டா போதும்னு இருக்காதீங்க, பணம் போடறதுக்கு முன்னாடி ஒரு போன், வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு போன். "ரூம் இருக்கா"ன்னு கேக்கக் கூடாது, "என் பேர்ல இருக்கா"ன்னு கேக்கணும். மீதி பணம் சாவி கைக்கு வந்தப்புறம்தான்னு மொதல்லயே பேசிடுங்க, நிஜ மெம்பரா இருந்தா கொஞ்சம் முணுமுணுத்துட்டு ஒத்துப்பார்.

நம்ம சென்னைதான் டைம்ஷேருக்கு தாய்வீடு மாதிரி, இந்த கம்பெனிகள்ல ஸ்டெர்லிங் 1986ல இங்க ஆரம்பிச்சது, கிளப் மஹிந்திரா 1996ல. நிறைய பேர் மறக்கறது என்னன்னா, தொகை கட்டினதோட முடியாது, வருஷா வருஷம் மெயின்டனன்ஸ் வேற கட்டணும், ஏஎம்சிம்பாங்க, கட்டலன்னா புக் பண்ண விடமாட்டாங்க. "ஏஎம்சி பாக்கி இருக்கு சார், அத நீங்க கட்டிட்டா ரூம் உங்களுக்கு"ன்னு எவனாவது சொன்னா அந்த இடத்துலயே போன வெச்சுடுங்க. சீசனும் பாக்கணும், மெம்பர்ஷிப்ப சீசன் வாரியா கலர் கலரா பிரிச்சிருப்பாங்க, ஆஃப் சீசன் கலர் வெச்சிருக்கறவர் மே மாசம் ஊட்டி தர்றேன்னா எப்படிங்க தருவார்? ஊட்டி கொடைக்கானலுக்கு இ-பாஸ் வேற இருக்கு, 2024 மேலேர்ந்து ஹைகோர்ட் உத்தரவுல வந்தது, அது இலவசம், இ-பாஸ் எடுத்துத் தர்றேன்னு 500 ரூபா கேக்கறவன் வேற என்னத்தல்லாம் கேப்பான்னு யோசிச்சுக்கோங்க.

இப்ப மெம்பர் பக்கம் வரேன். மொதல்ல அக்ரிமென்ட்ட எடுத்து படிங்க. சொந்தக்காரங்கள கெஸ்ட்டா அனுப்பலாம், ஆனா காசுக்கு விடக் கூடாதுன்னு பல கிளப்ல போட்டிருப்பாங்க. ஆர்சிஐன்னு மெம்பருங்க தங்களோட வாரத்த வேற ரிசார்ட்டுக்கு மாத்திக்கற ஒரு கம்பெனி இருக்கு, அது மூலமா மாத்தி வாங்கின வாரத்த வாடகைக்கு விடவே கூடாதுன்னு அவங்க ரூல். அப்புறம் வர்றவங்க டிவிய உடைச்சா பில்லு உங்க தலைலதான் வரும், அதனால எத்தன பேர் வராங்கன்னு எழுத்துல வாங்கிக்கோங்க. ஐடி கேட்டு வாங்கினா மாஸ்க்டு ஆதார் போதும், மொத எட்டு நம்பர் மறைஞ்சிருக்கும், நீங்க குடுத்தாலும் அதையே குடுங்க.

வாடகைக்கு விடறேன்னு விளம்பரம் போட்ட அன்னைக்கே ஒரு போன் வரும் பாருங்க. ஆர்மில இருக்கேன், பேமிலிக்கு ரூம் வேணும், பேரம் பேசவே மாட்டான், "அட்வான்ஸ் அனுப்பறேன், இந்த கியூஆர ஸ்கேன் பண்ணி பின் போடுங்க"ம்பான். கியூஆர ஸ்கேன் பண்ணி பின் போட்டா காசு போகும், வராதுங்க! பேங்க்ல கவுன்டர்ல உக்காந்து இத நான் சொல்லாத நாள் இல்ல. நீங்க காசு அனுப்பறவரா இருந்தா, யுபிஐல பேர் காட்டும், நெஃப்ட்லயும் ரிசர்வ் பேங்க் சொன்னதால 2025 ஏப்ரல்லேர்ந்து பேர பாத்துக்கற வசதி வந்துடுச்சு, மெம்பர் பேர் ஒண்ணு அக்கவுன்ட் பேர் ஒண்ணுன்னா "என் மச்சான் அக்கவுன்ட்டு"ன்னு கதை வரும், அனுப்பாதீங்க.

பணம் போயிடுச்சா, அழுதுட்டு உக்காராம உடனே 1930க்கு போடுங்க, இல்ல சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன்ல பதிவு பண்ணுங்க, பேங்க்குக்கும் சொல்லுங்க. யுபிஐல காசு போனதுக்கு அடையாளமா வர்ற அந்த 12 இலக்க யுடிஆர் நம்பர எடுத்து வெச்சுக்கோங்க, கோவத்துல சாட்ட அழிச்சுடாதீங்க. காசு இன்னொரு அக்கவுன்ட்டுக்கு தாவறதுக்குள்ள சொன்னாதான் முடக்க முடியும். என் அண்ணன் பொண்ணு அன்னைக்கு சாயங்காலமே சொல்லியும் 2,000தான் மாட்டிச்சு. கம்பெனியோடயே தகராறுன்னா அது வேற, 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன் இருக்கு, 2019 சட்டப்படி நீங்க குடியிருக்கற ஊர் நுகர்வோர் கமிஷன்லயே கேஸ் போடலாம், நீங்க கட்டின தொகை 5 லட்சம் வரைக்கும்னா பீஸ் கிடையாது.

எல்லாத்தவிட மோசமானது உங்க டைம்ஷேர வித்துத் தர்றேன்னு வர்ற போன். எதிர் வீட்டு சாருக்கு வந்துது, உங்க டைம்ஷேர வாங்க பெங்களூர்ல பார்ட்டி ரெடி, நாலரை லட்சம், டிரான்ஸ்ஃபர் சார்ஜ் 23,000 மட்டும் முன்னாடி கட்டிடுங்கன்னு. அவர் கட்டினார், அப்புறம் ஜிஎஸ்டின்னு 18,000, அப்புறம் என்ஓசின்னு இன்னும் கொஞ்சம். இது நம்ம ஊர் வித்தை மட்டும் இல்ல, மெக்சிகோல ஹலிஸ்கோன்னு ஒரு போதைமருந்து கும்பல் அமெரிக்காக்கார வயசானவங்கள இதே மாதிரி முன்பணம் கேட்டு உருவினதுக்கு அமெரிக்க கருவூலத் துறை 2023ல தடையே போட்டுச்சு. பேர் மாத்தணும்னா கம்பெனி ஆபீஸ்லதான் மாத்துவாங்க, சார்ஜ் எவ்வளவுன்னு அவங்களயே கேளுங்க.

போன மாசம் சாருக்கு திரும்ப அதே போன், இந்த தடவ பார்ட்டி கோயமுத்தூராம். இவர் பொறுமையா கேட்டுட்டு, "ரொம்ப சந்தோஷம் தம்பி, அந்த 23,000த்த நாலரை லட்சத்துலயே கழிச்சுட்டு மீதிய போட்டுடுங்க"ன்னாராம். லைன் கட்.