வடலூரில் எழுதிவைத்த ஏற்பாடு

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

கடலூர், புதுச்சேரிப் பக்கம் வள்ளலார் என்று பேச்செடுத்தால் கருங்குழியில் தண்ணீரில் விளக்கெரிந்த கதை முதலில் வரும். அடுத்து, மேட்டுக்குப்பத்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டவர் திரும்பி வரவில்லை என்பது. இரண்டும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கே தெரியும். அவர் காகிதத்தில் எழுதிவைத்த ஏற்பாடுகளைத்தான் அதிகம் பேர் புரட்டுவதில்லை. பசித்தவனுக்கு எப்படிச் சோறு போடுவது, சபை விளக்கை யார் தொடலாம், காலையில் என்ன குடிக்கலாம் என்பது வரை எழுதியிருக்கிறார். இன்றைய பேச்சு அதைப் பற்றியது.

வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வள்ளலார் என்று நாம் அழைக்கும் இராமலிங்கம் பிறந்தது 1823 அக்டோபர் 5, சிதம்பரத்தை அடுத்த மருதூரில். தந்தை இராமையா பிள்ளை, தாய் சின்னம்மை. கைக்குழந்தையாக இருக்கும்போதே தந்தை போய்விட, குடும்பம் சென்னைப் பக்கம் நகர்ந்தது. இளமை முழுக்க ஏழுகிணற்றுப் பகுதியில்தான். பிறகு நம் மாவட்டத்துக்கே திரும்பி, கருங்குழியில் வேங்கட ரெட்டியார் வீட்டில் சுமார் ஒன்பது வருஷம் தங்கினார். 1865இல் சன்மார்க்க சங்கம். 1867இல் வடலூரில் பசித்தவர்க்குச் சோறு போடும் தருமசாலை. 1872இல் ஜோதியை வழிபடும் ஞானசபை. 1874 ஜனவரி 30 அன்று மேட்டுக்குப்பம் சித்திவளாகத்து அறைக்குள் போனார்.

முதலில் அடுப்பு. தருமசாலைக்காக வடலூர்ப் பார்வதிபுரத்து மக்கள் சுமார் 80 காணி நிலம் கொடுத்தார்கள். இன்றைய கணக்கில் ஏறத்தாழ 106 ஏக்கர். சென்னை – கும்பகோணம் சாலையும் கடலூர் – விருத்தாசலம் சாலையும் வெட்டிக்கொள்ளும் இடம் அது, வழிப்போக்கருக்குக் குறைவில்லை. 1867 மே 23, வைகாசி 11ஆம் நாள் அங்கே மூட்டிய அடுப்பு 21 அடி நீளம். இன்றுவரை அணையவில்லை என்று பெருமையாகச் சொல்கிறோம். விறகடுப்பு தானாக எரியாது. ராத்திரியும் ஒருவர் விழித்து விறகைத் தள்ள வேண்டும், வாசலில் அரிசி மூட்டை இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். என்னைக் கேட்டால், தண்ணீர் விளக்கைவிட இதுதான் பெரிய அதிசயம்.

தருமசாலையின் நோக்கத்தை ‘ஜீவகாருண்ய ஒழுக்கம்’ என்ற தம் நூலில் விரித்து எழுதியிருக்கிறார். பசி வந்தவனின் உடம்பை அவர் பார்த்திருக்கும் விதம் ஒரு வைத்தியர் பார்ப்பதுபோல இருக்கும். கண் பஞ்சடைந்து குழிவிழும், காது கும்மென்று அடைக்கும், நாக்கு வறளும், பேச்சுக் குளறும், கைகால் துவளும், மூட்டுகள் நெகிழ்ந்துபோகும், வயிறு பகீரென்று எரியும். உறுப்பு உறுப்பாக இறங்கி வருகிறார். இந்த நிலையில் இருப்பவனுக்குக் கடவுள் நினைவே மறைந்துபோகிறது, ஆகவே சோறுதான் முதல் என்பது அவர் வாதம். பசித்து வந்தவனிடம் ஊர், மதம், சாதி, நடத்தை எதையும் விசாரிக்கக் கூடாது. கல்யாணம், காதுகுத்து என்று வீட்டில் விசேஷம் வந்தால், ஆடம்பரத்துக்குப் போகும் பணத்தில் பசித்தவர்களுக்குப் போடச் சொல்கிறார். பந்தியில் உறவுக்காரர்களை மட்டும் உட்கார வைத்துவிட்டு அன்னதானம் என்று பேனர் கட்டுகிறோமே, அது இந்தக் கணக்கில் சேராது.

அடுத்தது ஞானசபை. 1872 ஜனவரி 25, தைப்பூசத்தன்று திறந்தார்கள். எண்கோணக் கட்டடம். வாசலிலேயே நிபந்தனை எழுதியிருக்கும்: கொலை புலை தவிர்த்தவர், அதாவது உயிரைக் கொல்லாத, புலால் உண்ணாதவர் மட்டும் உள்ளே வரலாம். உள்ளே ஆளுயரக் கண்ணாடி, ஜோதி, முன்னால் ஏழு திரைகள். கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, கடைசியாகக் கலப்பு நிறம். ஒவ்வொன்றும் ஒரு சக்தியைக் குறிப்பது, முதல் கறுப்பு மாயாசக்தி. மாதப் பூசத்தில் ஆறு திரைதான் விலகும். ஏழும் விலகுவது தைப்பூசத்தில் மட்டும்.

விளக்கு ஏற்றுவதற்கு 1872 ஜூலை 18 அன்று தனி விதியே எழுதினார். பித்தளைக் குத்துவிளக்கு வேண்டாம், தகரக் கண்ணாடி விளக்கு போதும். உள்ளே போய்த் தூசு துடைப்பவர் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட சிறுவராகவோ எழுபத்திரண்டு வயதுக்கு மேற்பட்ட பெரியவராகவோ இருக்க வேண்டும். நாலு நாளைக்கு ஒருமுறை சுத்தம். நிற்பவர்கள் மெல்லத் துதிக்க வேண்டும், கூச்சல் கூடாது. இந்த விதியில் பரம்பரைக்கும் சாதிக்கும் இடமே வைக்கவில்லை, பாருங்கள்.

அப்படியும் விதி வழுக்கியது. அவருக்குப் பின் சபைக்குள் உருவ வழிபாடு நுழைந்து, பல காலம் நடந்தது. பழக்கப்பட்ட பூசை கண்ணுக்கு நிறைவாக இருக்கும்; வெறும் ஜோதியைப் பார்த்து நிற்பது நமக்குக் கொஞ்சம் கஷ்டம். அறநிலையத் துறை 2006இல் அதை நிறுத்தச் சொன்னது. 2010இல் சென்னை உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அவரே எழுதிய விதி கையில் இருந்ததால்தான் வழக்கில் பேச ஆதாரம் கிடைத்தது.

அன்றாடம் செய்ய வேண்டியவற்றை அவர் எழுதிவைத்த நித்திய கரும விதியில் உள்ள மூலிகைப் பாலையும் சொல்ல வேண்டும், இதை நிறையப் பேர் தப்பாகச் செய்கிறார்கள். மஞ்சள் பூப் பூக்கும் கரிசலாங்கண்ணி இலை, தூதுவளை இலை, முசுமுசுக்கை இலை, சீரகம். சேர்த்தோ தனித்தனியாகவோ காயவைத்துச் சூரணம் செய்துகொள்ளலாம். அளவு ஒரு வராகனெடை, நான்கு கிராமுக்கு முன்பின் இருக்கும். நல்ல தண்ணீரில் சூரணத்தைப் போட்டு, பசும்பால் சேர்த்து, விட்ட தண்ணீர் முழுக்கச் சுண்டும்வரை காய்ச்ச வேண்டும். பிறகு நாட்டுச் சர்க்கரை. கடையில் பொடி வாங்கி வெந்நீரில் கலக்கிக் குடிப்பவர்கள் இப்படிக் காய்ச்சுவதை விட்டுவிடுகிறார்கள். வேலியோரத்து வெள்ளைப் பூச் செடியைப் பறித்து வருபவர்களும் உண்டு. அவர் சொன்னது மஞ்சள். மருந்து சாப்பிட்டு வருபவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

தைப்பூசத்துக்குப் போகிறவர்களுக்கு: ஜோதி தரிசனம் ஆறு தடவை. காலை 6, 10, மதியம் 1, இரவு 7, 10, மறுநாள் விடியற்காலை 5.30. திரை விலகி நிற்பது கொஞ்ச நேரம்தான், வரிசை நீளம். முதல் காட்சிக்கே எல்லாரும் முண்டியடிப்பதால் நெரிசல் அப்போதுதான் அதிகம். வயதானவர்களைக் கூட்டிப்போனால் மதியக் காட்சியைப் பாருங்கள், தருமசாலையில் சாப்பாடும் ஆகிவிடும். பூசத்துக்கு அப்புறம் இரண்டாம் நாள் மேட்டுக்குப்பத்தில், அவர் உள்ளே போன அந்த அறையின் தரிசனம், திருவறை தரிசனம். அன்று வடலூரிலிருந்து கருங்குழி வழியாக, வள்ளலார் பயன்படுத்திய பொருட்கள் வைத்த பேழை ஊர்வலமாகப் போகும். நீங்களும் பின்னாலேயே நடப்பதென்றால் காலையிலேயே கிளம்புங்கள். அறை திறப்பது மதியம் 12 மணிக்கு, மாலை 6 மணியோடு சாத்திவிடுவார்கள்.