வாயு பொறுத்துவிட்ட தோப்பு

அனைவருக்கும் வணக்கம்.

காற்று என்றதும் பலருக்குத் தென்றல்தான் நினைவுக்கு வரும். சரி, அதை இன்னொரு நாள் பேசலாம். இன்றைக்கு அடித்து நொறுக்கும் காற்று.

புறநானூற்றின் 51ஆம் பாட்டில் 'வளிமிகின் வலியும் இல்லை' என்கிறார் ஐயூர் முடவனார். காற்று மிஞ்சிவிட்டால் அதைத் தாங்கும் வலிமை எதற்கும் கிடையாது. பாண்டியனின் சீற்றத்துக்கு அவர் காட்டும் உவமை அது. 66ஆம் பாட்டிலோ, கரிகாலனின் முன்னோனை 'வளிதொழில் ஆண்ட உரவோன்' என்கிறார் வெண்ணிக்குயத்தியார். காற்றிடம் வேலை வாங்கிக் கடலில் நாவாய் ஓட்டியவனாம்!

இந்த இரண்டு காற்றும் பாரதியின் வசன கவிதையில் ஒரே அறைக்குள் வந்துவிடுகின்றன. 'காற்றே, வா. மெதுவாக வா' என்று கூப்பிடுகிறார். புத்தகங்களைத் தள்ளிவிடாதே என்று சொல்லி வாய் மூடவில்லை, 'பார்த்தாயா? இதோ தள்ளிவிட்டாய்' என்கிறார். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. வீட்டுப் பிள்ளையை அதட்டுகிற குரல். அப்புறம் குரல் மாறுகிறது. நொய்ந்த, அதாவது வலுவிழந்த எதையும் காற்று நொறுக்கிவிடும் என்கிறார். நொய்ந்த வீடு, நொய்ந்த கதவு என்று தொடங்கி நொய்ந்த உள்ளம் வரை ஏழு முறை அந்தச் சொல் விழுகிறது. வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், ஒவ்வொன்றும் ஓர் அடி.

மெலிந்தவன் அழியட்டும் என்று இதற்குப் பொருள் சொன்னால் நான் ஒப்பமாட்டேன். 'மானிடரே வாருங்கள். வீடுகளைத் திண்மையுறக் கட்டுவோம்' என்றல்லவா அழைக்கிறார்? எல்லோரும் சேர்ந்து கட்டுகிற வீடு அது.

பாரதி புயலைப் பட்டறிந்தவர். 1916 நவம்பரில் புதுச்சேரியைப் புயல் தாக்கியபோது அங்கேதான் இருந்தார். 'நேற்றிருந்தோம் அந்த வீட்டினிலே – இந்த நேரமிருந்தால் என்படுவோம்?' என்று ஒரு பாட்டில் வருகிறது. தப்பிப் பிழைத்தவர்களின் நடுக்கம் அந்த வரியில் அப்படியே இருக்கிறது.

'பிழைத்த தென்னந்தோப்பு' என்று இன்னொரு பாட்டு. மரங்கள் நாற்றைப்போலச் சிதறி நாடெங்கும் கிடக்கின்றன. சின்னத் திட்டை ஒன்றில் ஒரு சிறு தோப்பு மட்டும் நிற்கிறது. யாருடையது? 'வறியவன் உடைமை – அதனை வாயு பொடிக்கவில்லை.' சொன்னாலும் கேட்கமாட்டான் என்று வசன கவிதையில் சொன்ன அதே காற்றைத்தான் இங்கே 'பொறுத்து விட்டான்' என்கிறார். அதிலும் 'வீழ்ந்தன சிலவாம்' என்பதை மறைக்கவில்லை.

2018இல் கஜா புயல் வந்துபோன பிறகு டெல்டாவில் வரிசை வரிசையாகச் சாய்ந்து கிடந்த தென்னைகளைப் பார்த்தவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். ஒரு கன்று வளர்ந்து காய்க்க எத்தனை வருஷம் என்பது உங்களுக்குத் தெரியும். 'மரங்கள் மீந்தன பலவாம்' என்ற இடத்துக்கு வரும்போது நீங்கள் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவீர்கள்.