பன்னிரண்டு பேர் பின்னிய ஒரு போர்வை

[காட்சி: மேசை மீது பரப்பி வைத்த பின்னல் பொருட்கள்]

வணக்கம். இந்த மேசையில் இருப்பதெல்லாம் எங்கள் பின்னல் குழுவில் இருப்பவர்கள் பின்னி முடித்தவை. ஒரு ஜோடி காலுறை, ஒரு ஆக்டோபஸ் பொம்மை, கடல் பவளம் போலச் சுருண்ட ஒன்று, அப்புறம் இந்தப் போர்வை. போர்வைக்குக் கடைசியில் வருகிறேன், அதில்தான் சொல்ல நிறைய இருக்கிறது.

[நெருக்கக் காட்சி: காலுறையை இழுத்து விடும் கை]

காலுறையை இழுத்தால் நீள்கிறது, விட்டால் பழையபடி சுருங்குகிறது. இது நிட்டிங், இரண்டு ஊசியால் பின்னுவது. ஒரு வரிசையில் இருக்கும் கண்ணிகள் எல்லாம் ஊசியிலேயே காத்திருக்கும். ஒவ்வொரு கண்ணியும் கீழே இருக்கும் கண்ணிக்குள் புகுந்து வளைந்து நிற்பதால் துணிக்கு நீள இடம் கிடைக்கிறது. ஒரு கண்ணி நழுவினால் ஏணிப்படி மாதிரி கீழே வரை பிரிவதும் இதனால்தான்.

குரோஷாவில் ஒரே கொக்கி ஊசி. ஒரு தையலை முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகிறோம், அதனால் துணி தடிப்பாக, உருவம் குலையாமல் நிற்கும். பெரும்பாலான நிட்டிங் துணியை இன்று இயந்திரம் பின்னுகிறது. கடையில் தொங்கும் அசல் குரோஷா உடை மட்டும் இன்னும் யாரோ ஒருவர் உட்கார்ந்து கையால் போட்டதுதான். அடுத்த முறை அப்படி ஒன்றைப் பார்த்தால், விலைச் சீட்டைப் பார்ப்பதற்கு முன் இதை நினைத்துப் பாருங்கள்.

[காட்சி: ஆக்டோபஸ் பொம்மை]

இந்த ஆக்டோபஸின் தலை ஒரு சின்னக் கணக்கில் உருவாகிறது. சிங்கிள் குரோஷா என்ற குட்டையான அடிப்படைத் தையலில் 6 தையலோடு வட்டத்தைத் தொடங்குங்கள். ஒவ்வொரு சுற்றிலும் 6 தையல் கூட்டினால், அதாவது 12, 18, 24 என்று போனால், வட்டம் தட்டையாக விரியும். கூட்டுவதை நிறுத்தினால் ஓரம் கீழே வளைந்து கிண்ணமாகும். குறைத்துக்கொண்டே வந்தால் வாய் மூடி, பந்து.

சரி, 6-க்கு மேல் கூட்டினால்? ஓரத்துக்குத் தட்டையாகப் படுக்க இடம் போதாமல் அலை அலையாக மடியும். அந்தப் பவளம் அப்படி வந்ததுதான். 1997-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்த கணித அறிஞர் டயினா டைமினா, காகிதத்தில் செய்தால் எளிதில் கிழிந்துபோகும் ஹைபர்போலிக் தளத்தை, அதாவது ஓரம் நோக்கிப் போகப் போக அலை அலையாக விரியும் பரப்பை, இந்த வழியில்தான் குரோஷாவில் செய்து மாணவர்கள் கையில் கொடுத்தார். எங்கள் குழுவில் கணக்கென்றாலே ஒதுங்கும் ஒருவர்தான் இதைப் பின்னினார். எனக்கு அதில் தனி மகிழ்ச்சி.

ஆக்டோபஸ் பற்றி ஒரு வார்த்தை. குறைமாதக் குழந்தைகளுக்கு இதைப் பின்னிக் கொடுக்கும் வழக்கம் 2013-இல் டென்மார்க்கில் தொடங்கியது. அதைத் தொடங்கியவர்கள் வைத்த விதிகள் கறாரானவை: முழுப் பருத்தி நூல், 60 டிகிரி வெந்நீரில் துவைக்கத் தாங்க வேண்டும், இழுத்துப் பிடித்தாலும் கால் 22 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. உள்ளே அடைத்த பஞ்சு வெளியே வராத அளவுக்குத் தையல் நெருக்கமாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் கண் ஒட்டாமல் நூலால் தைத்துவிடுவதே நல்லது. மருத்துவமனையில் கேட்காமல் பின்னத் தொடங்காதீர்கள். எல்லா இடத்திலும் ஏற்றுக்கொள்வதில்லை.

[காட்சி: போர்வை விரிகிறது]

இப்போது போர்வை. 12 பேர், ஆளுக்கு 4 சதுரம், மொத்தம் 48. எல்லோருக்கும் ஒரே பின்னல் குறிப்பு, ஒரே அக்ரிலிக் (செயற்கை இழை) நூல், ஒரே 4 மி.மீ. ஊசி. எல்லாவற்றையும் கொண்டுவந்து அடுக்கினோம். சிலது 14 செ.மீ., சிலது 17 செ.மீ.!

யாரும் தப்பாகப் போடவில்லை. நூலை ஒருவர் விரலில் இரண்டு முறை சுற்றிப் பிடிக்கிறார், இன்னொருவர் சும்மா ஓடவிடுகிறார். ஒருவர் கண்ணியை மேலே தூக்கி இழுக்கிறார், ஒருவர் ஊசியோடு ஒட்டியே முடிக்கிறார். கை இறுக்கம் என்பது கையெழுத்து மாதிரி, ஆளுக்கு ஆள் மாறும். ஒரே ஆளுக்கே கூட, அசதியான நாளில் ஒரு மாதிரி வரும்.

இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிட முடியாது. 10 செ.மீ.க்கு 20 கண்ணி என்று பின்னல் குறிப்பு சொல்கிறது, உங்கள் கைக்கு 22 விழுகிறது என்று வையுங்கள். 100 செ.மீ. சுற்றளவு ஸ்வெட்டருக்கு 200 கண்ணி போட்டால், கிடைப்பது 91 செ.மீ. தான். முதலில் ஒரு சோதனைத் துண்டு பின்னி, துவைத்துக் காயவைத்து அளந்து பாருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

எங்கள் தவறு, எத்தனை சுற்று என்று பேசினோமே தவிர எத்தனை செ.மீ. என்று பேசவில்லை. சின்னச் சதுரங்களுக்கு ஓரத்தில் ஒரு சுற்றுக் கூடுதலாகப் போட்டோம். மிகப் பெரியவற்றை மட்டும் பிரித்து 3.5 மி.மீ. ஊசியில் மறுபடி பின்னினார்கள். பிரிக்கச் சொன்னபோது முகம் வாடியது உண்மை. பக்கத்தில் இருந்தவர் நூலைச் சுற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். கம்பளி நூலாக இருந்தால் நனைத்து, குண்டூசி குத்தி, இழுத்துக் காயவைத்தே கொஞ்சம் சரிசெய்யலாம். அக்ரிலிக் அப்படி எளிதில் படியாது. ஆவி காட்டலாம், ஆனால் சூடு கூடினால் துணி துவண்டுவிடும், திரும்பாது.

இன்னொன்று. ஒரு சதுரத்தில் 3 நிறம், நிறத்துக்கு 2 நூல் முனை. 48 சதுரத்துக்கு 288 முனைகள். ஆளுக்கு 24 வீதம் பங்கிட்டு மொட்டை ஊசியால் உள்ளே மறைத்தோம். நூலை வெட்டும்போது 15 செ.மீ. விடுங்கள். ஒரு பக்கமாக ஓட்டி, திருப்பி எதிர்ப்பக்கம் ஓட்டி, மறுபடி ஒரு முறை திருப்புங்கள். முனையைக் கட்டையாக வெட்டியவர்களின் சதுரங்கள்தான் எங்களை இருட்டும்வரை உட்காரவைத்தன.